கன்னோஜ் நகரத்து அத்தர்

கான்பூரிலிருந்து வடமேற்குத் திசையில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் புகையிரதத்தில் சென்றால் கன்னோஜ் என்னும் சிறுநகரத்தை அடையலாம். கங்கைக்கு அண்மையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனப் பேரரசன் தலைநகராக வைத்து ஆண்ட கன்யாகுப்ஜம் இதுவே. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்து தங்கிய ஊரும் இதுவே. சரித்திர பாடத்தில் இப்பெயரைப் படித்த மாணவர்கள் மாடமாளிகைகளை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாந்துபோவார்கள். ஒடுங்கிய தெருக்கள், செங்கல் மதில்கள், ஓயாமல் ஊதும் மோட்டார் வண்டிகள், இவையே கண்ணுக்குக் கிடைப்பன. ஆனால் அவ்வூரில் கண்ணைவிட மூக்குக்கே வேலை அதிகம். சாக்கடை ஓரமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கும்போதே, ஏதோ ஒரு மதிலுக்கு அப்பாலிருந்து வெந்த றோசாப்பூவின் ஆவி வந்து எம்மை நிறுத்திவிடும்.

சென்ற பங்குனி மாதத்தில் நாம் துணைவியாருடன் அங்கே சென்றது சரித்திரம் பார்ப்பதற்கன்று. எம் தாயாருக்கு வயது எண்பத்து நான்கு. பார்வை போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வடமராட்சிக் கடற்கரையோரம் பிறந்து, வலிகாமத்தில் வாழ்க்கைப்பட்டவர். தாழம்பூ மடல்களைக் கூறைச் சேலைக்கும் பட்டுச் சேலைக்கும் இடையில் வைத்துப் பெட்டகத்தைப் பூட்டுவது அவருடைய வழக்கம். அந்தப் பெட்டகம் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. "தாழம்பூ அத்தர் எங்கேயாவது கண்டால் ஒரு துளி கொண்டு வா, தம்பி" என்று அவர் கேட்டது இரண்டு வருடங்களுக்கு முன்பு. கொழும்பில் வாங்கிக் கொடுத்தவற்றை எல்லாம் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இது சவர்க்கார மணம்" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆகவேதான் அத்தருக்குப் பெயர்போன இடத்துக்கே போவது என்று துணிந்தோம்.

முதலில் வடிசாலை ஒன்றைப் பார்த்தோம். உண்மையான அத்தர் வடிக்கும் முறை எம் கண்ணுக்கு நம் நாட்டு வாலை வடிப்பைப் போலவே இருந்தது. மண் அடுப்பின்மேல் பெரிய செப்புக் கிடாரம். அதனை அவர்கள் 'தேக்' என்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் நீண்ட கழுத்துடைய செப்புக் குடத்துக்குப் 'பப்கா' என்று பெயர். இரண்டையும் இணைப்பது கயிறு சுற்றிய மூங்கிற் குழாய். விடியற்காலையில் பறித்த றோசாப் பூக்களைக் கிடாரத்தில் இட்டு, நீர் வார்த்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் குழைத்துப் பூசி அடைக்கிறார்கள். அடுப்பில் விறகும் எருவரட்டியும் எரிகின்றன. பூவின் மணத்தைச் சுமந்துகொண்டு எழும் நீராவி குழாய் வழியே சென்று குடத்துக்குள் குளிர்கிறது. அக்குடத்திலே முன்னதாகவே சந்தன எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். வந்து சேரும் நீர் அடியிலே தங்க, மணம் மேலே மிதக்கும் சந்தன எண்ணெயில் கலந்துவிடுகிறது. குடம் ஆறியபின் அடியில் உள்ள நீரைப் பிரித்தெடுத்து மறுநாட் பூவோடு மீண்டும் கிடாரத்தில் வார்க்கிறார்கள். இவ்வாறு நாள்தோறும் புதுப்பூ இட்டுப் பதினைந்து நாள் வரையில் வடித்த பிறகே அந்தச் சந்தன எண்ணெய் "நிரம்பிவிட்டது" என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

வெப்பமானி எதனையும் நாம் காணவில்லை. தொட்டி நீரில் கையை விட்டுப் பார்ப்பதும், குடத்தைத் தொட்டுப் பார்ப்பதும், கிடாரத்தின் கொதியொலிக்குக் காது கொடுப்பதுமே அளவைகள். தொட்டித் தண்ணீர் சூடேறினால் மணம் குடத்தில் தங்காது. ஆகவே அடுப்பண்டை நிற்பவர் நெருப்பை இழுப்பதும் தண்ணீரை மாற்றுவதுமாக ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளங்கை செம்பைப் போலவே காய்ந்து நிறம் மாறியிருந்தது.

தாழம்பூ அத்தர் மட்டும் கன்னோஜில் வடிப்பதன்று. அந்தப் பூ ஒடிசா மாநிலத்துக் கஞ்சம் மாவட்டக் கடற்கரையில் விளைவது. வெகுதூரம் கொண்டுவந்தால் வாடிப்போகும் என்பதனால், வடிப்போர் கிடாரத்தையே பூவிடம் கொண்டுசெல்கிறார்கள்! வடித்த அத்தர்தான் கடைகளுக்கு வந்து சேர்கிறது.

இனி எம் அறியாமையைச் சொல்லவேண்டும். முதல்நாட் பின்னேரம் கடைத்தெருவில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் கண்ணாடிக் குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடியை எம் மூக்கருகே பிடித்தார். பிறகு எம் இரு கைகளிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஒன்பது வகை அத்தரைத் தீற்றினார். நான்காவதற்குப் பின் எமக்கு எல்லாம் ஒரே மணமாகத் தோன்றின. ஆயினும் தெரிந்தவர்போலத் தலையை அசைத்துக்கொண்டிருந்தோம். தாழம்பூ என்று அவர் கொடுத்த குப்பியின் வாயில் முகர்ந்தபோது அது தாழம்பூவாகவே இருந்தது, விலையும் சகாயம். மகிழ்ச்சியோடு வாங்கிவந்து, விடுதியிலே கையைக் கழுவிவிட்டு அந்த ஒன்றை மட்டும் பூசிப் பார்த்தோம். நான்கு மணி நேரத்தில் மணம் அற்றுப்போயிற்று. மூக்குத்தான் களைத்துவிட்டதோ என்று துணைவியாரிடம் கையை நீட்டினோம். "எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, வேறொன்றும் இல்லை" என்றார். நாம் ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னால் அது பாதி உண்மையே. குப்பியின் வாயை முகர்ந்து வாங்கியவர்கள் நாமல்லவா?

மறுநாட் காலை, எமக்கு மொழிபெயர்த்து உதவிய கல்லூரி மாணவர் ஒருவர், சந்து ஒன்றினுள் இருந்த சிறு கடைக்கு எம்மை அழைத்துச் சென்றார். அங்கிருந்த முதியவர் நாம் வாங்கிய குப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை; குலுக்கிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். "இன்று உங்களுக்கு ஒன்றும் விற்கமாட்டேன். நாளைக் காலை வந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்றார். எமக்கு அது வியாபாரத் தந்திரமோ என்ற ஐயம் எழுந்ததை மறைப்பதற்கில்லை.

கையைச் சவர்க்காரம் இன்றி வெறும் நீரால் கழுவச் சொன்னார். மூன்றே வகை: மணிக்கட்டில் தாழம்பூ, முன்கையின் நடுவில் வெட்டிவேர், முழங்கை மடிப்பில் றோசா. ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவுதான். துணைவியார் வழக்கம்போல இரு மணிக்கட்டுகளையும் சேர்த்துத் தேய்க்கப் போனபோது, "தேய்க்கவேண்டாம், சகோதரி" என்று கையசைத்துத் தடுத்தார். தேய்ப்பதனால் உண்டாகும் சூடு, முதலில் எழும் மெல்லிய மணங்களை விரைவிலே துரத்திவிடும். மூக்கு மயங்கினால் இன்னொரு குப்பியை நாடவேண்டா. அத்தர் படாத உங்கள் தோளையே முகருங்கள் என்றார்.

அன்று நகரம் முழுவதும் அந்தக் கையோடு திரிந்தோம். பூசியவுடன் தாழம்பூ மூக்கைக் குத்தியது. அதில் இனிமையே இல்லை, கூர்மை மட்டுமே. றோசாவில் எலுமிச்சந்தோலும் பச்சிலையும் கலந்தாற்போன்ற ஒரு பசுமை. வெட்டிவேர் மழைநாளில் பிடுங்கிய வேரின் ஈரமண் வாடை. ஒரு மணி நேரம் சென்றபின் தாழம்பூ இளகித் தேன்போல ஆயிற்று. றோசாவின் பசுமை போய் இதழ் மணம் நிறைந்தது. வெட்டிவேர்தான் அவசரப்படவில்லை, கடைசிவரையில் அது வேராகவே இருந்தது. அதன் பச்சை நிறம் வேரினுடையதன்று, செப்புக் கிடாரம் தந்தது என்று பிறகு அறிந்தோம்.

இதற்குக் காரணம் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். மணம் என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் கூட்டம். எலுமிச்சை மணம் தரும் லிமொனீன் 176 பாகை செல்சியசில் கொதிப்பது. றோசாவிலுள்ள ஜெரானியோல் 230 பாகையில். சந்தனத்தின் சாரமாகிய சந்தலோலோ 300 பாகையையும் தாண்டவேண்டும். உடற்சூட்டில் எதுவும் கொதிப்பதில்லை. ஆனாலும் கொதிநிலை தாழ்ந்தவை பொதுவாக முந்தி ஆவியாகி வெளியேறுகின்றன, உயர்ந்தவை பிந்துகின்றன. ஆகவே ஒரே துளி காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் மணக்கிறது. தோலுக்குத் தோல் இதன் வேகமும் மாறும். எம் தோல் எண்ணெய்ப் பசை உள்ளது; துணைவியாருடையது வறண்டது. எம் கையில் பகல் இரண்டு மணிக்கு நின்ற றோசா அவர் கையில் பன்னிரண்டுக்கே மெலிந்துவிட்டது.

இரவு ஒன்பது மணிக்குக் கையை முகர்ந்தபோது எமக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இதுவும் போயிற்று! கிழவனாரும் அப்படித்தான்" என்று சற்றுக் கோபத்துடன் சொல்லிவிட்டோம். துணைவியார் எம் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்து, "போகவில்லையே. சந்தனம் மணக்கிறது. அடியிலே தாழம்பூவும் இருக்கிறது" என்றார். வெளியே தாழ்வாரத்தில் கால் மணி நேரம் உலாவி வந்து முகர்ந்தபோது எமக்கும் தெரிந்தது. நாள் முழுவதும் ஒரு மணத்தோடு இருக்கும் மூக்கு அதனைக் கேளாமல் விட்டுவிடுகிறது. முதல்நாள் இரவும் இதே கையை இதே துணைவியார்தான் முகர்ந்தார். அன்று இல்லை என்றவர் இன்று உண்டு என்கிறார். அத்தரைத் தனியாகச் சோதிப்பவன் நல்லதைப் பொல்லாதென்று தள்ளவும் கூடும். இரண்டு மூக்குகள் வேண்டும்.

காலையில் முதியவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் மகிழ்ந்து தேநீர் வருவித்தார். பிறகு பேச்சுச் சந்தனத்துக்குத் திரும்பியது. பூவின் மணத்தைக் கட்டி வைத்து மெல்ல மெல்ல விடுவதும், பூ போனபின் தானே எழுந்து நிற்பதும் சந்தனமே. அந்த மரமோ அருகிவிட்டது. எண்ணெயின் விலை பன்மடங்கு ஏறிவிட்டது. ஆகவே பலர் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகத் திரவப் பரபினையும், பிளாஸ்திக்கை இளக்குவதற்குப் பயன்படும் ஒருவகைத் திரவத்தையும் குடத்தில் வார்க்கிறார்கள். குப்பியின் வாயில் முகர்பவருக்கு வேறுபாடு தெரியாது. பூவின் மணம் தீர்ந்ததும் பேசுவதற்கு அங்கே அடியில் ஒன்றும் இல்லை. அவருடைய அலுமாரியிலும் இரண்டு வகையும் இருந்தன. எது எது என்று ஒளிக்காமல் காட்டினார். "மலிவானதை விற்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான், வெற்றிலைப் பாக்கு, புகையிலைக் கம்பனிகள்தான் இப்பொழுது எங்கள் பெரிய வாடிக்கைக்காரர்கள். இரவு வரையில் காத்திருந்து முகர்பவர் எத்தனை பேர்?" என்று கேட்டார். அவர் மகன் இத்தொழிலில் இல்லை.

விடைபெறுமுன் மண் அத்தரையும் காட்டினார். கோடையில் சுட்ட மண் வில்லைகளைக் கிடாரத்தில் இட்டுச் சந்தன எண்ணெயில் வடிப்பது அது. முதல் மழை விழுந்த நிலத்தின் மணம். அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளாகிய பெயரும் தோமசும் 1964ஆம் ஆண்டில் இம்மணத்துக்குப் 'பெற்றிகோர்' என்று பெயரிட்டபோது, இந்தியர் இதனை முன்னரே குப்பியில் அடைத்துவிட்டதையும் குறிப்பிட்டார்கள். எம் கைப்பணம் இரண்டுக்குப் போதவில்லை. தாழம்பூவில் மட்டும் கால் தோலா, அதாவது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு, வாங்கினோம். முதல்நாள் வாங்கிய குப்பியைவிட அளவில் சிறிது. விலையில் மிகப் பெரிது. யாருக்கு என்று கேட்டார். வயதைச் சொன்னோம். வறண்ட தோலில் மணம் நில்லாது, முதலில் சிறிது தேங்காயெண்ணெய் தடவிப் பிறகு வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீடு வந்த மறுநாட் பின்னேரம் அவ்வாறே தாயாரின் கையில் எண்ணெய் தடவி ஊசிமுனை அளவு வைத்தோம். முகர்ந்தார்; முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சவர்க்காரமில்லைத்தான். ஆனால் இது தாழம்பூவும் இல்லை, தம்பி. மருந்து நெடி அடிக்கிறது" என்றார். நாம் மறுமொழி சொல்லவில்லை. துணைவியார் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அயல் வீட்டுப் பிள்ளை வந்து பத்திரிகை வாசித்துக் காட்டிவிட்டுப் போயிற்று. தாயார் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்தார் என்றே நினைத்தோம். திடீரெனத் தலையை நிமிர்த்தி, "ஆர் தம்பி பெட்டகத்தைத் திறந்தது?" என்று கேட்டார்.

அப்பொழுது மணி ஐந்தேகால். நாம் அத்தரைப் பூசியது மூன்றரை மணிக்கு.