காணி உறுதி அடுப்படியில் கிடந்தால்

வாழை மரமும், எறும்பும், நாமும், கொப்புளிப்பான் வைரசும் ஒரே நான்கு எழுத்துகளால்தான் எழுதப்பட்டிருக்கிறோம். அடினைன், குவானைன், சைற்றோசின், தைமின். வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறிக் கோத்த அதே முதுகெலும்பு, அதே இரட்டைச் சுருள். அப்படியானால் ஒரு வைரசு தன் டீ.என்.ஏயைக் கொண்டுவந்து நமது கலத்தினுள் இறக்கும்போது, "இது என்னுடையதல்ல" என்று அந்தக் கலம் எதை வைத்து அறிகிறது?

உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள் இருந்தது. பிறபொருளெதிரிகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். ஆனால் புதிய கிருமி ஒன்றுக்கு எதிராக அவை போதியளவு உருவாகப் பல நாட்கள் எடுக்கும். வைரசோ சில மணித்தியாலங்களிலேயே பெருகிவிடும். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது பிறப்போடு வந்த உள்ளார்ந்த நிர்ப்பீடனம்.

அதன் விடை நான் எதிர்பார்த்ததை விட எளிமையாக இருந்தது. கலம் பெரும்பாலும் எழுத்தைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது.

நமது வீடுகளில் காணி உறுதி எங்கே இருக்கும்? அலுமாரியில், பூட்டிய லாச்சிக்குள், பொலித்தீன் உறையில். ஒரு நாள் காலையில் ஓர் உறுதிப் பத்திரம் அடுப்படியில் கிடந்தால் உம்மாவுக்கு நெஞ்சு திக்கென்றுவிடும். அது யாருடைய காணி, எத்தனை பேர்ச் என்றெல்லாம் வாசித்த பிறகா பதறுவார்? கிடக்கக்கூடாத இடத்தில் கிடக்கிறதே, அதுவே போதும். கலத்திலும் டீ.என்.ஏ இருக்க வேண்டிய இடம் கரு. இழைமணிக்குள்ளும் சிறிதளவு உண்டு. குழியவுருவில் அது திறந்து கிடந்தால் ஏதோ விபரீதம்.

அந்த விபரீதத்தைக் கண்டுபிடிக்கும் நொதியத்தின் பெயர் சீகாஸ். அமெரிக்காவின் டலஸ் நகரில் ஜேம்ஸ் சென் என்பவரின் ஆய்வுக்கூடம் அதை 2013 இல் உலகுக்கு அறிவித்தது. சீகாஸ் டீ.என்.ஏயின் முதுகெலும்பைத்தான் பற்றிப் பிடிக்கிறது. அதனால் எழுத்துகளின் வரிசை எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிடித்தவுடன் ஏ.ரீ.பீ, ஜீ.ரீ.பீ ஆகிய இரண்டையும் இணைத்து வளைய வடிவான ஒரு சிறு மூலக்கூறைச் செய்கிறது. அந்த மூலக்கூறு அகமுதலுருச் சிறுவலையில் காத்திருக்கும் ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்புகிறது. ஸ்டிங் என்றால் ஆங்கிலத்தில் குளவி கொட்டுவது. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அங்கிருந்து செய்தி கருவுக்குப் போக, கலம் இன்டர்பெரோனைச் சுரக்கிறது. அக்கம்பக்கத்துக் கலங்கள் அதைக் கேட்டுக் கதவடைத்துக்கொள்கின்றன.

நமக்கு நன்கு அறிமுகமான டெங்கு இந்தக் கதையில் விசித்திரமான பாத்திரம். அது ஆர்.என்.ஏ வைரசு, அதனிடம் டீ.என்.ஏயே இல்லை. இருந்தும் டெங்கு தொற்றிய கலத்தில் இழைமணி சிதைந்து, அதிலுள்ள நமது சொந்த டீ.என்.ஏ குழியவுருவில் கசிகிறது. சீகாஸ் அதைப் பிடித்துச் சத்தம் போடப் பார்க்கிறது. ஆனால் வைரசு முந்திக்கொள்கிறது. தன்னுடைய ஒரு புரதத்தால் சீகாஸை அழிக்கச் செய்கிறது. தன் நொதியத்தால் ஸ்டிங்கை வெட்டியும் விடுகிறது. திருட வந்தவன் முதலில் நாயின் வாயைக் கட்டுவது போல. எலியின் ஸ்டிங்கை மட்டும் அதனால் வெட்ட முடியாது என்று வாசித்தபோது, நுளம்பு கடித்தால் நாம் மட்டும் ஏன் இந்தப் பாடுபட வேண்டும் என்று எலி மேல் கொஞ்சம் பொறாமை வந்தது.

இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சொந்த டீ.என்.ஏயே இடம் மாறிக் கிடந்தால்? அதற்காகக் கலங்களில் துப்புரவுப் பணியாளர்கள் உண்டு. ட்ரெக்ஸ் 1 என்ற நொதியம் சிந்திய துண்டுகளை அரித்து அகற்றிவிடும். அதன் பரம்பரையலகு பழுதாகிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு எந்தக் கிருமியும் தொற்றாமலேயே மூளை அழற்சி ஏற்படுகிறது. எதிரியே இல்லாத போர்.

இந்த இடத்தில்தான் என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருக்கு லூபஸ். ஆணொருவருக்கு வந்தால் பெண்கள் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வரும் நோய். அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இரட்டைச் சுருள் டீ.என்.ஏக்கு எதிரான பிறபொருளெதிரிகள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் பல தடவை வாசித்தேன். அவருடைய உடல் அவருடைய எழுத்தையே எதிர்த்து நிற்கிறது. இறந்த கலங்களிலிருந்து சிந்தும் டீ.என்.ஏ சரியாக அகற்றப்படாதபோது, அந்தப் பிறபொருளெதிரிகள் அதைச் சுமந்துகொண்டு போய் வெண்குருதிக் கலங்களின் உட்பைகளுக்குள் சேர்க்கின்றன. அங்கே டீ.எல்.ஆர் 9 என்ற இன்னொரு காவலாளி இருக்கிறது. பற்றீரியாவின் டீ.என்.ஏயை இனங்காண்பது அதன் வேலை என்று யப்பானில் ஷிசுவோ அகிராவின் குழு 2000 இல் காட்டியது. அது ராத்தாவின் டீ.என்.ஏயைப் பார்த்தும் கூவுகிறது. வெயிலில் போக வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதன் காரணமும் இப்போது விளங்குகிறது. புறஊதாக் கதிர் தோலின் கலங்களைக் கொல்ல, இன்னும் டீ.என்.ஏ சிந்தும்.

அவர் தினமும் குடிக்கும் ஐதரொக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்ற இலங்கையில் இந்த மாத்திரை எதற்கு என்று வாப்பா முதலில் குழம்பினார். அது அந்த உட்பைகளுக்குள் சேர்ந்து டீ.எல்.ஆர் காவலாளிகளின் குரலைத் தணிக்கிறது என்று நான் படம் கீறிக் காட்டினேன். 2021 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரொலுமாப் என்ற புதிய மருந்து, இன்டர்பெரோனைக் கேட்கும் காதையே பொத்துகிறது.

நோய் தெரியவந்த புதிதில் சொந்தக்கார மாமி ஒருவர் ஒரு டின் மா கொண்டுவந்தார். "புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கொறஞ்சி போயிருக்கு, இத ரெண்டு மாசம் கரைச்சிக் குடுங்க" என்றார். ராத்தா சிரித்துக்கொண்டே, "எனக்கு அது கூடிப்போய்த்தான் மாமி வருத்தம்" என்றார். கூடிப்போனது என்பதும் முழுச் சரியல்ல; அது திசை மாறியிருக்கிறது. லூபஸ் உள்ளவர்களுக்குச் சாதாரணத் தொற்றுகளும் எளிதில் வரும், சில மருந்துகள் அதை இன்னும் கூட்டும். ஆனால் அந்தப் பதிலை நான் பெற்றோர்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று டின்னில் எழுதியிருப்பதை நம்பி எந்தப் பிள்ளைக்கும் கரைத்துக் கொடுக்க முன்னர், அந்தப் பிள்ளையின் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை எழுதி முடித்து ராத்தாவிடம் காட்டினேன். ஒன்று விட்டுப்போயிற்று என்றார். அந்த மாத்திரையை நீண்ட காலம் குடிப்பவர்கள் கண்ணின் விழித்திரையைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். அதையும் எழுது என்றார். அவருக்கு அடுத்த பரிசோதனை ஓகஸ்டில்.