ஓலையும் வயரும்

ஆச்சிக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று அம்மா சொல்வாள். பெருமையாக அல்ல, ஆவலாதியாக. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு ஆச்சி வந்தால் துணிப்பைக்குள் மாற்றுச்சேலைக்கு அடியில் ஓலைச்சுருள் ஒன்று கட்டாயம் இருக்கும். காப்பி குடித்த கையோடு வாசல்நடையில் காலை நீட்டி உட்கார்ந்து முடைய ஆரம்பித்துவிடுவாள். "மக வீட்டுல நாலு நாளு இருந்துட்டுப் போவோம்னு வந்தா, வந்த இடத்துலயுமா?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். "கை அரிக்குதுட்டி" என்பாள் ஆச்சி. அவள் ஊருக்குப் போன பிறகு பார்த்தால் சோப்பு வைக்க ஒரு பெட்டி, வெங்காயம் வைக்க ஒரு பெட்டி, எதற்கென்றே தெரியாமல் மூடியோடு குட்டியாக ஒன்று.

அவள் ஊர் உடன்குடிக்கு மேற்கே, தேரி தொடங்குகிற விளிம்பில் இருந்தது. சிவந்த மணற்காடு. ஆனி ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தால் மேடும் பள்ளமும் இடம் மாறிக் கிடக்கும். அந்த மண்ணில் பனையும் உடைமரமும் கேட்காமலே முளைக்கும். மற்றதெல்லாம் கெஞ்சினால்தான் வரும். ஊர் பனையை வைத்துத்தான் சாப்பிட்டது. பங்குனியில் பதநீர் கண்டால் ஆவணி வரை ஓடும். எங்கள் கோடை லீவு அதற்குள்ளேயே வந்து முடிந்துவிடுவதால் ஆச்சி வீட்டில் எப்போதும் பதநீர்க் காலம்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மாதங்களில் அங்கே என்ன நடந்தது என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. மழைக்காலத்தில் யாவாரியிடம் முன்பணம் வாங்கிச் சாப்பிடுவார்கள். கோடையில் காய்ச்சுகிற கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்குப் போட்டு அந்தக் கடனை அடைப்பார்கள். கருப்பட்டி விலை ஏறுவது கார்த்திகை மார்கழியில். அப்போது சரக்கு யாவாரி கிட்டங்கியில் இருக்கும்.

தாத்தா பனையேறினார். விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை, பாளை சீவ. இடுப்பில் அருவாப்பெட்டி கட்டியிருப்பார். ஏறும்போது அது மரத்தில் இடிக்கிற சத்தத்தை வைத்தே "இப்பம் கெழக்கு வெளையில நிக்காவ" என்று ஆச்சி சொல்லிவிடுவாள். ஆனால் அவள் தலையைத் தூக்கிப் பனையைப் பார்த்து நான் கண்டதில்லை. தாத்தா மரத்தில் நிற்கிற நேரம் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் மண்ணைப் பார்த்தே நடப்பாள். சத்தம் வரத் தாமதமானால் செய்துகொண்டிருந்த வேலையில் கை நிற்கும். மறுபடி கேட்டதும் ஓடும்.

வீட்டுக்குப் பின்னால் விடிலி. தாழ்ந்த ஓலைக்குடிசை, குனிந்துதான் நுழையவேண்டும். கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்திருந்து தெளிவை மட்டும் வடித்து அடுப்பில் ஏற்றுவாள். உடைமுள்ளும் காய்ந்த மட்டையும் எரியும். வெளியில் வெயில், உள்ளே தீ. பத்து மணிக்கு மேல் எங்களால் வாசலில்கூட நிற்க முடியாது. பதநீர் நுரைத்துக்கொண்டு மேலே வரும். வழியப்போகிற நேரம் பார்த்து ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவாள், நுரை அடங்கிக் கீழே போகும். வெள்ளை மாறித் தேன் நிறத்துக்கு வந்து, பாகாக இறுகத் தொடங்கினால் கூப்பனி. அந்தக் கட்டத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு சிரட்டையில் கொஞ்சம் ஊற்றித் தருவாள். மாங்காய்க் கீற்றை அதில் தோய்த்துத் தின்போம். நாங்கள் நக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் துடுப்பை எடுத்திருப்பாள். இனி கை ஓயக்கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டு வந்தால் பதம். மணலில் வரிசையாகப் பதித்து வைத்த சிரட்டைகளில் மளமளவென்று ஊற்றியாகவேண்டும். கொஞ்சம் அசந்தால் சட்டியிலேயே இறுகிவிடும். எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ தேறும். ஆச்சியின் முன்னங்கை முழுக்கப் பாகு தெறித்த தழும்புகள். அந்தப் புகை மணம் எனக்கு இன்றும் நாக்கில் ஊறுகிறது. ஆச்சிக்கு அது இருமலாக நின்றது.

பெட்டி முடைவது மட்டும் அவள் தனக்காகச் செய்தது. காசுக்கு முடைகிற பெண்கள் ஊரில் இருந்தார்கள், ஆச்சி ஒன்றைக்கூட விற்றதில்லை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ராத்திரிப் பனியில் போட்டுப் பதமாக்கி, ஈர்க்கை உரித்தெடுத்து, கோணி ஊசியால் ஒரே அகலமாக வகிருவாள். அளவுகோல் கிடையாது, கட்டைவிரல் நகம்தான் அளவு. சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கிற சாயப்பொடியில் ரோஸ், பச்சை, கத்திரிப்பூ மூன்றும் அவளுக்கு வேண்டும். கொதிக்கிற சாயத்தில் முக்கிய ஓலையை நிழலில் உலர்த்துவாள். முடையும்போது ஓலை ஈரமாக இருக்கவேண்டும் என்பதால் நனைத்த துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அடி முடைவது அவளுக்குப் பிடித்த கட்டம், அப்போது பேச மாட்டாள். பக்கம் எழும்பத் தொடங்கியதும் பேச்சும் எழும்பும். விளிம்புக்குப் பனைநார் வைத்து இழுத்துக் கட்டும்போது பல்லால் கடித்து இழுப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று முடைந்தேன். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒம் பெட்டியில எள்ளு கொண்டு போனா வழிநெடுக எள்ளு மொளைக்கும் போ" என்றாள்.

பெட்டிகள்தான் குடும்பத்துக்குள் போய்வந்தன. எழுதப்படிக்கத் தெரியாதவள். மகள்கள் மூன்று பேர், மூன்று ஊரில் வாக்கப்பட்டவர்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகிற பெட்டிக்குப் பச்சைக் கரை, எங்களுக்கு ரோஸ், சித்திக்குக் கத்திரிப்பூ. கருப்பட்டியோ பனங்கிழங்கோ அவித்த கடலையோ, யாராவது அந்தப் பக்கம் பஸ் ஏறினால் கொடுத்துவிடுவாள். பெட்டி திரும்பி வரும்போது வெறுமனே வரக்கூடாது. ஒரு பிடி பயறு, இரண்டு முட்டை, ஒன்றுமில்லாவிட்டால் நாலு வெற்றிலை. சித்தி வீட்டுப் பெட்டி ஒருமுறை வெறும் பெட்டியாக வந்தது. "மறந்திருப்பா" என்றார் தாத்தா. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். சித்தப்பா வேலை போய், பெட்டியில் போட அந்த வீட்டில் எதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது. ஆச்சி திரும்பி வந்தபோது காதில் கம்மல் இல்லை, ஈர்க்குக் குச்சி இருந்தது. அடகுக்கடை ரசீது வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் பல மாதம் கிடந்ததாக அம்மா சொல்வாள்.

பொழுதுபோக்கு என்று பார்த்தால் தாயமும் ரேடியோவும். புளியமுத்தைப் பாதியாக உரசி வெள்ளை தெரியச் செய்து, திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடுவார்கள். ஆச்சி கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவாள். பேரப்பிள்ளைகளிடமும் தயவு கிடையாது. ரேடியோவில் இலங்கை வானொலி. கடல் பக்கம் என்பதால் எங்களுக்குத் திருநெல்வேலி நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் வேகமெடுத்தால் விடிலிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "இந்தப் பய மூச்சே விடமாட்டானா?" என்பாள். ஆனால் நிறுத்த விடமாட்டாள்.

இரண்டும் போக, வருஷத்துக்கொரு முறை குலசை தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குறவனாகவும் குரங்காகவும் வேஷம் கட்டியவர்கள் வாசலுக்கு வாசல் காணிக்கைக்கு வருவார்கள். சாயத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று குரலையும் நடையையும் வைத்துக் கண்டுபிடிக்காமல் ஆச்சி காசு போடமாட்டாள். "நீ தங்கக்கனி மவன்தானல?" என்று காளியை மடக்கிக் கேட்பாள். காளி சிரிப்பை அடக்கமுடியாமல் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம் இருந்தது. "எம் பிள்ளையள்ல ஒருத்தனும் மேல ஏறப்புடாது." மூத்த மாமா பதினாறு வயதில் பம்பாய்க்குப் போய் மளிகைக்கடையில் நின்றார். சின்ன மாமாவும் பின்னாலேயே போனார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேருக்குத் தாராவியில்தான் மீசை முளைத்தது. தாத்தாவுக்கு வருத்தம்தான். ஏற்றத்தை நிறுத்திய பிறகும் பாளை அரிவாளைத் தீட்டி எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அவருக்கு மூட்டு போனதும் பனையைக் குத்தகைக்கு விட்டார்கள். ஏற ஆள் கிடைக்காமல் குத்தகையும் நின்றது. ஓர் ஐப்பசி மழையில் விடிலி உட்கார்ந்துவிட்டது. அதைத் தூக்கிக் கட்டச் சொல்லி ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள்.

எண்பதுகளில் எல்லா ஊருக்கும் வந்தது போல அங்கேயும் வயர்க்கூடை வந்தது. எதிர்வீட்டுப் பெண் பின்னிக்கொண்டிருந்ததை ஆச்சி வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். அடியைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தானாகவே போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் அடுத்த லீவுக்குப் போனபோது ஓலை போய் மடியில் பச்சை வயரும் வெள்ளை வயரும் சுருள் சுருளாகக் கிடந்தன. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் கைவந்திருந்தன. "நனைஞ்சா அழுவாது. பூச்சி அரிக்காது. சாயம் போவாது. கையையும் கிழிக்காது" என்று அதன் பெருமையை எனக்கு அடுக்கினாள். நான் அப்போது கல்லூரியில் நாட்டார் கலை, கைவினை என்று ஏதேதோ படித்து மனம் உருகிக்கொண்டிருந்த சமயம். பழையபடி ஓலையில் எனக்கொரு பெட்டி முடைந்து தா ஆச்சி என்று கேட்டேன். வயரிலிருந்து கண்ணை எடுக்காமல், "குருத்துக்கு எங்க போவேன்? நீ ஏறி வெட்டித் தாரியா?" என்றாள்.

பம்பாய்ப் பேரப்பிள்ளைகளுக்கு டிபன் கூடை, பெரியம்மாவுக்குக் காய்கறிக் கூடை என்று கடைசிவரை பின்னினாள். கரை நிறங்கள் மாறவில்லை. பச்சை, ரோஸ், கத்திரிப்பூ. வெறுங்கூடை திரும்பி வரக்கூடாது என்கிற சட்டமும் மாறவில்லை.

இன்று சென்னைக் கடைகளில் ஓலைக்கொட்டான்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணத் தாம்பூலத்துக்கு மொத்தமாக வாங்குகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எல்லாம் நல்லதுதான். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனபோதும் அது மாநில மரமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மரம் நிற்கட்டும், யார் ஏறுவது என்றுதான் எவரும் சொல்வதில்லை. நான் வாங்குகிற கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மினுங்குகிறது. சீனி கலந்தால் அப்படித்தான் மினுங்கும். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும் என்று ஆச்சி சொல்லித் தந்திருக்கிறாள். எனக்கு அந்தச் சிரட்டைக் கூப்பனி வேண்டியிருக்கிறது, விடிலி வாசல் வேண்டியிருக்கிறது. வாசலில் நின்றவளுக்கு அப்படித் தோன்றும். உள்ளே நின்றவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளுக்கு விருப்பமாக இருந்தது முடைவதுதான். அது ஓலையில் இருந்தாலும் வயரில் இருந்தாலும் அவளுக்கு ஒன்று.

சின்ன மாமா வயது ஏறியதும் ஊருக்குத் திரும்பி, விடிலி இருந்த இடத்தையும் பின்னாலிருந்த விளையையும் சேர்த்து முருங்கை போட்டார். தேரி மண்ணில் சொட்டுநீர் விட்டால் முருங்கை நன்றாக வருகிறது. ஆனால் விலையைத்தான் நம்ப முடியாது. ஒரு மாதம் தங்கம், மறுமாதம் பறிகூலிக்குக் கட்டாது. அப்படி விழுந்த ஒரு நாளில் மாமா திண்ணையில் உட்கார்ந்து, பனையை விட்டதே தப்போ என்னமோ என்று புலம்பினார். ஆச்சி முடிச்சை இறுக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"போல, கூறுகெட்டவனே. இதுக்குத் தொரட்டி போதும்லா."