காற்றும் பொடியும்

உடுமலைப்பேட்டை நூற்பாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்த எவருக்கும் கம்ப்ரஸர் காற்று புதிதல்ல. மெஷினில் படிந்த பஞ்சை ஏர் கன்னால் ஊதித் தள்ளித்தான் என் வேலைக்காலம் கழிந்தது. அதே காற்றில் கொஞ்சம் பொடியைக் கலந்தால், பல கோடி ஆண்டுப் புதைபடிவத்தைப் பாறைக்குள்ளிருந்து பதமாக வெளியே எடுக்கலாம் என்று தெரிந்தபோது, கற்ற தொழில் மேல் புது மரியாதை வந்தது.

நம் மாநிலத்தில் இதற்கேற்ற மண் அரியலூர். கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. சுருண்ட ஓடுள்ள அம்மோனைட்டுகள் சுண்ணாம்புப் பாறையிலும் களிமண்ணிலும் கிடைக்கின்றன. கே, கன்லிஃப் என்ற இருவர் தென்னிந்தியாவில் சேகரித்த படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார்.

பொடி கலந்த காற்றை ஊதும் கருவியின் பிடி பேனா பருமன்தான். நுனித் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஊத வேண்டும். சூட்சுமமெல்லாம் பொடியில் இருக்கிறது. மோஸ் கடின அளவில் சமையல் சோடா 2.5, கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4, அலுமினியம் ஆக்சைடு 9. கால்சைட் ஓடு என்றால் சோடாவில் தொடங்குவது நல்லது. ஒட்டிய களிமண் போகும், ஓட்டின் வரிகள் தங்கும். அலுமினியம் ஆக்சைடு பட்டால் அந்த வரிகள் நொடியில் மழுங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தாலோ பொடி கட்டிபட்டுத் துளை அடைத்துக்கொள்ளும். தினமும் கம்ப்ரஸர் டேங்கின் அடிவால்வைத் திறந்து தண்ணீர் இறக்கியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். தூசி உறிஞ்சும் வசதி இல்லாமல் இந்த வேலையைத் தொடவும் கூடாது, நுரையீரல் கெடும்.

இதே வித்தையின் முரட்டு வடிவத்தை நம் கோயில்களில் பார்த்துவிட்டோம். திருப்பணி என்று சொல்லி, கம்ப்ரஸர் வைத்து மணலை வீசியடித்தார்கள். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7; கருங்கல்லில் பெரும்பங்கான ஃபெல்ட்ஸ்பார் 6. பழைய சுண்ணாம்புப் பூச்சோடு கல்வெட்டு எழுத்தும் சிற்பங்களின் நகக்கீற்றும் சேர்ந்தே போயின. பிறகு அறநிலையத் துறை மணல் வீச்சுக்குத் தடை போட்டது. போன எழுத்து போனதுதான்.

அமராவதி ஆற்றங்கரையில் கடத்தூரிலும் கொழுமத்திலும் கல்வெட்டுள்ள கோயில்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்த் திருப்பணிக்குக் கம்ப்ரஸர் வந்து இறங்கினால், என்ன பொடி, எவ்வளவு அழுத்தம் என்று முதல் நாளே கேளுங்கள். மணல் என்றால், அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.