மூக்குக் குரங்கும் என் காலேஜ் ஃபீஸும்

போர்னியோன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அனகோண்டா படத்தோட ரெண்டாம் பாகமா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில டப்பிங்ல பார்த்திருப்பீங்க. ஒரு சின்ன தகவல்: அனகோண்டா தென் அமெரிக்கப் பாம்பு. போர்னியோ காட்டுல அது கிடையவே கிடையாது.

எனக்கு போர்னியோன்னா சித்தப்பாதான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சவர், பதினோரு வருஷமா மலேசியாவோட சபா மாநிலத்துல ஒரு பாமாயில் ஆலையில பாய்லர் பராமரிப்பு பார்க்கிறார். என்னோட முதல் வருஷ ஃபீஸ் முழுக்க அவர் அனுப்பின பணம். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, பின்னாடி தேவைப்படும். (பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கில வழி. தமிழ்ல நான் எழுதற முதல் நீளமான விஷயம் இது. பொறுமையா படிங்க.)

ஆறாவது செமஸ்டர் லீவுல "ஒரு வாரம் வந்துட்டுப் போ பாப்பா"ன்னு சித்தப்பா கூப்பிட்டார். 2023 டிசம்பர்ல இருந்து நம்ம ஊர்க்காரங்க 30 நாள் வரைக்கும் விசா இல்லாமலேயே மலேசியா போகலாம். அதனால வீட்ல சம்மதம் வாங்கறது மட்டும்தான் கஷ்டமா இருந்துச்சு. கோலாலம்பூர் போய், அங்கிருந்து இன்னொரு விமானத்துல சண்டக்கான். சண்டக்கான்ல இருந்து ரோட்டுல ரெண்டரை மணி நேரம் போனா சுக்காவ்ங்கற ஆத்தங்கரை கிராமம். ஆத்தோட பேரு கினபாத்தாங்கான். 560 கிலோமீட்டர் நீளம், மலேசியாவிலேயே ரெண்டாவது நீளமான ஆறு.

அந்த ரெண்டரை மணி நேரமும் நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கல. காடு எப்ப வரும், எப்ப வரும்னு பார்த்துட்டே இருந்தேன். வந்ததெல்லாம் ஒரே மரம். அங்க இருக்கிற தமிழர்கள் அதைச் செம்பனைன்னு சொல்றாங்க. கிராஃப் பேப்பர்ல புள்ளி வெச்ச மாதிரி வரிசை வரிசையா நிக்குது. "காடு எங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன். "ஆத்துக்குப் போனா தெரியும்"னார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் படகு. எங்க படகுக்காரர் அந்த ஊர்க்காரர்தான். ஓராங் சுங்கைன்னு சொல்ற சமூகம். மலாய்ல ஓராங்னா மனுஷன், சுங்கைன்னா ஆறு. ஆத்து மனுஷங்க. மெனங்குல்ங்கற கிளை ஆத்துக்குள்ள திரும்பினதும் பெட்ரோல் மோட்டாரை நிறுத்திட்டு ஒரு சின்ன எலக்ட்ரிக் மோட்டாரைப் போட்டார். அப்பதான் காட்டோட சத்தமே எங்களுக்குக் கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துலயே ஒரு மரம் முழுக்க மூக்குக் குரங்கு. ஆண் குரங்கோட மூக்கு வெள்ளரிக்கா மாதிரி வாய்க்கு முன்னாடி தொங்குது. இது போர்னியோ தீவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. தொப்பை ஏன் அவ்ளோ பெருசுன்னா, மாட்டுக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் வயிறு பல அறையா பிரிஞ்சிருக்கு. இலையை உள்ளேயே புளிக்க வெச்சுத்தான் செரிக்குது. பகல்ல உள்ள மேய்ஞ்சுட்டு, சாயங்காலம் தூங்கறதுக்கு ஆத்தோர மரத்துக்கு வந்துடும். அதனாலதான் படகு நாலு மணிக்கு.

ரெண்டு மணி நேரத்துல நான் பார்த்தது: நாலு குரங்குக் கூட்டம், ஒரு ஜோடி இருவாச்சி, சேத்துல கட்டை மாதிரி கிடந்த ஒரு உவர்நீர் முதலை, ரொம்ப தூரத்துல கிளை நடுவுல செம்பட்டையா ஒரு ஓராங்குட்டான். யானை வரல, கரையில காலடி மட்டும் இருந்துச்சு. இத்தனையும் ஒரே சாயங்காலத்துல! மழைக்காட்டுல மிருகம் பார்க்கிறது ரொம்ப கஷ்டம்னு படிச்சிருக்கேன். இங்க எப்படி இவ்ளோ சுலபமா பார்க்க முடியுது?

படகுக்காரர் மலாய்ல பதில் சொன்னார், சித்தப்பா மொழிபெயர்த்தார்: "பின்னாடி போக இடம் இல்ல, அதான் முன்னாடி நிக்குது."

ராத்திரி தங்கின இடத்துல போன்ல கூகுள் மேப்ஸ் திறந்து சாட்டிலைட் வியூ போட்டேன். நீங்களும் இப்பவே சுக்காவ்னு தேடிப் பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு போற ஆறு, அதோட ரெண்டு பக்கமும் ஒட்டின மாதிரி கரும்பச்சை, அதுக்கு அந்தப் பக்கம் கட்டம் கட்டமா இளம்பச்சை. கரும்பச்சை காடு. இளம்பச்சை செம்பனை. சில இடத்துல காடு வேட்டிக் கரை மாதிரி மெலிசா இருக்கு. 2005-ல இங்க ஏறக்குறைய 26,000 ஹெக்டேரை வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சாங்க. ஆனா அது ஒரே துண்டு இல்ல, பத்துத் துண்டு. அதாவது, நான் பார்த்த கூட்டம் காட்டோட செழிப்பை மட்டும் காட்டல. காடு எவ்ளோ ஒல்லியாயிடுச்சுன்னும் காட்டுது.

துண்டு துண்டா இருந்தா என்ன பிரச்சனைன்னு கேட்பீங்க. ஓராங்குட்டானுக்கு நீச்சல் வராது. முன்னெல்லாம் சின்ன ஆறுகள்ல ரெண்டு கரைப் பெரிய மரங்களோட கிளைகளும் மேல கோத்துக்கிட்டு நிக்கும். அதுதான் அதோட பாலம். மரத்தை வெட்டினதும் பாலமும் போச்சு. சுக்காவ்ல வேலை செய்யற ஹூத்தான்ங்கற அமைப்பு, கயிறும் பழைய தீயணைப்புக் குழாயும் வெச்சு ஆத்துக்கு மேல பாலம் கட்டுச்சு. வருஷக்கணக்கா காத்திருந்து, 2010-லதான் ஒரு ஓராங்குட்டான் அதைக் கடக்கிற புகைப்படம் கிடைச்சுது. சிவில் நண்பர்களே, நம்ம கட்டுற பாலத்துக்குத் திறந்த அன்னிக்கே டிராஃபிக் வந்துடும். இவங்க பொறுமையை யோசிச்சுப் பாருங்க.

இப்ப ஃபீஸ் விஷயம். அந்த மேப்பைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கம் வரல. அந்த இளம்பச்சைக் கட்டம்தான் சித்தப்பாவோட சம்பளம். நான் முதல் வருஷம் வகுப்புல உட்கார்ந்ததுக்குக் காரணமும் அதுதான். காலையில அவர்கிட்ட நேராவே கேட்டேன்: "உங்களுக்கு உறுத்தலையா சித்தப்பா?"

அவர் கோபப்படல. "உங்கம்மா அப்பளம் பொரிக்கிறது எதுல? ரேஷன்ல 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் வாங்கறோமே, அது என்ன?"ன்னு திருப்பிக் கேட்டார். உண்மைதான். உலகத்துலயே அதிகமா பாமாயில் இறக்குமதி பண்றது இந்தியா. அதோட, ஒரு ஹெக்டேர் செம்பனையில வருஷத்துக்கு மூணு டன்னுக்கு மேல எண்ணெய் கிடைக்கும். சூரியகாந்தியில ஒரு டன் கூட வராது. எல்லாரும் பாமாயிலை விட்டுட்டு அதுக்கு மாறினா இன்னும் அதிக நிலம் வேணும், இன்னொரு காடு போகும். அதனால "பாமாயிலைப் புறக்கணிப்போம்"னு நான் இங்க கோஷம் போடப் போறதில்ல.

ஆனா சித்தப்பா இன்னொண்ணும் சொன்னார். சபாவுல 1998-ல வந்த நீர்வளச் சட்டப்படி, மூணு மீட்டருக்கு மேல அகலமான ஆறா இருந்தா கரையில இருந்து 20 மீட்டர் ஒதுக்கணும். 20 மீட்டர்னா நம்ம காலேஜ் பஸ் ரெண்டை வரிசையா நிறுத்தின தூரம். யானைக் கூட்டம் நடக்க அது எங்க பத்தும்? "ஆத்தோரப் பள்ளத்துல வெள்ளம் நிக்கும் பாப்பா, அங்க செம்பனை ஒழுங்கா விளையவும் விளையாது. 25 வருஷம் ஆனா எப்படியும் வெட்டிட்டுப் புதுசா நடணும். அப்ப அந்த நஷ்ட வரிசையை மட்டும் காட்டுக்கே விட்டுட்டா துண்டுகள் சேரும். இதைச் சொல்ல வேண்டியது ஆலைக்குள்ள இருக்கிற நாங்கதான்"னார். அவர் சொல்லுவாரா, சொன்னா யாராவது கேட்பாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா வேலைக்குப் போகப் போற நமக்கு அந்தக் கடைசி வரி முக்கியம்னு தோணுது.

கினபாத்தாங்கானுக்குக் கட்டாயம் போங்க. படகுக்கு நாம குடுக்கிற காசு அந்த ஊர்க்காரங்களுக்குக் காட்டால வர்ற வருமானம். முழுக்கை சட்டை, அட்டை கடிக்காம இருக்க நீளமான சாக்ஸ், ஒரு பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. குரங்கு, இருவாச்சியெல்லாம் போட்டோ எடுத்து முடிச்சதும் படகுக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மரங்களுக்குப் பின்னாடி காடு எவ்ளோ தூரம் இருக்கு?"