உபவாசத்தில் இருக்கும் மீன்



ஸ்காட்லாந்து தேசத்தின் டே ஆறு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15-ஆம் தேதி சால்மன் மீன்பிடிப்புக்குத் திறக்கப்படுகிறது. அக்டோபர் 15 வரை அந்தப் பருவம் நீடிக்கும். நம் சபையில் வளர்ந்து, இப்போது அந்த ஆற்றங்கரை நகரமான பெர்த்தில் பொறியாளராகப் பணிபுரியும் ஒரு தம்பி, கடந்த டிசம்பர் இறுதியில் எனக்கு இப்படி எழுதியிருந்தார்:

“ஐயா, ஆறு திறக்கும் நாளுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் என்னையும் அழைக்கிறார்கள். ஆனால் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதாம். ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். ‘திங்காத மீன எதுக்குப்பா புடிக்கிறது? அதுகிட்ட வெளையாடவா?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

அவருடைய தகப்பனார் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். வலையில் மீன் விழாத நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர். அவருடைய சிரிப்பைச் சாதாரணமாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு எழுதிய பதிலை, அவருடைய அனுமதியோடு, சற்று விரித்து உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியிலுள்ள ஒரு சபையின் விருந்தினனாகக் குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். அச்சபையின் மூப்பர் ஒருவர் நெடுங்காலம் ‘கில்லி’யாகப் பணிபுரிந்தவர். (நம் பிள்ளைகள் பேச்சில் வரும் கில்லி அல்ல. தூண்டில் போட வருகிறவர்களுக்கு ஆற்றின் போக்கைக் காட்டி, படகு செலுத்தி, துணை நிற்கும் தொழிலுக்கு அங்கே அதுதான் பெயர்.) டே ஆறு ஏரியிலிருந்து புறப்படும் கென்மோர் என்ற சிற்றூரில் திறப்பு நாள் விழாவாகவே நடைபெறும். பைக் குழல் வாத்தியம் முன்செல்ல ஊர்வலமாகப் போய், படகின் முகப்பில் விஸ்கி ஊற்றி ஆசி கூறுவார்கள். விஸ்கியைப் படகு குடிக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை என்று மூப்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “விழாவை எல்லோரும் பார்க்கிறார்கள் போதகரே, தண்ணீருக்குள் இருப்பது யார் என்றுதான் பலர் யோசிப்பதில்லை” என்றார்.

தண்ணீருக்குள் இருப்பது யார்?

அட்லாண்டிக் சால்மன், ஆற்றின் மேற்பகுதியில், கூழாங்கற்களுக்கிடையே இடப்பட்ட முட்டையிலிருந்து பிறக்கிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் அந்த ஓடையிலேயே வளர்கிறது. பிறகு ஒரு வசந்த காலத்தில் அதன் உடல் வெள்ளி நிறமாக மாறி, உப்புநீரைத் தாங்கும்படி ஆயத்தமாகிறது. கடலுக்குப் போய், பரோயே தீவுகள், கிரீன்லாந்து வரையிலும் சென்று மேய்ந்து கொழுக்கிறது. ஓரிரு குளிர்காலம், சில வேளை மூன்று குளிர்காலம் கழித்து, தான் பிறந்த அதே ஆற்றைத் தேடித் திரும்புகிறது. ஆற்றுநீரின் மணத்தை அது நினைவில் வைத்திருக்கிறது என்று அறிவியலாளர் கூறுகின்றனர்.

இனி நான் சொல்வதைச் சற்று நின்று கவனியுங்கள். ஆற்றுக்குள் நுழைந்தபின் சால்மன் உணவு உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. அதைக்கொண்டே நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும், அருவிகளைத் தாண்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். வயிற்றிலே சினையை வளர்ப்பதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான். முட்டையிடும் காலமோ அக்டோபருக்குப் பிந்தியது. ஆகவே ஜனவரியில் ஆற்றில் ஏறும் மீன் ஒன்பது, பத்து மாதங்கள் உபவாசத்தில் இருக்கப்போகிறது. நாம் நாற்பது நாள் லெந்துகாலத்தை எவ்வளவு சிரமப்பட்டு எண்ணிக் கடக்கிறோம்!

பசியில்லாத மீன் தூண்டிலை ஏன் கவ்வுகிறது? எரிச்சலினாலோ, கடலில் இரை தேடிய பழக்கத்தினாலோ இருக்கலாம் என்பார்கள். எதுவாயினும், இறகும் நூலும் கொண்டு கட்டிய ஒரு போலிப் பூச்சியை அது கவ்விய கணத்திலிருந்து, ஈடுசெய்ய முடியாத சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்குகிறது. தூண்டில் போடுகிறவருக்கு அது பத்து நிமிட மகிழ்ச்சி. மீனுக்கு அது நவம்பருக்காக வைத்திருந்த அப்பம்.

இந்த மீன்கள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. 2023 டிசம்பரில், உயிரினங்களின் அழிவுநிலையைப் பதிவுசெய்யும் சர்வதேச செம்பட்டியல், பிரிட்டன் தீவின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. ஸ்காட்லாந்தில் தூண்டில் மீன்பிடிப்பின் கணக்கு 1952 முதல் எழுதப்படுகிறது. 2023 வரையிலான அந்த வரிசையில் மிகக் குறைந்த எண்ணிக்கை அந்த ஆண்டினுடையதே. கடல் சூடாகிறது, ஆறுகளும் சூடாகின்றன. அணைகள் வழி மறிக்கின்றன. (டே ஆற்றின் கிளையான டம்மலில், பிட்லாக்ரி அணைக்கு அருகே மீன் ஏறுவதற்கென்று 34 தொட்டிகள் கொண்ட ஒரு படிக்கட்டே கட்டியிருக்கிறார்கள். போனால் பாருங்கள்.) தூண்டில்காரர்கள் இந்தக் குறைவுக்கு முதற்காரணர் அல்லர். ஆனால் கடலை இன்றைக்கே குளிர்விக்க யாராலும் முடியாது. தூண்டிலை இன்றைக்கே சரிசெய்ய முடியும்.

ஆகவே சட்டங்கள் வந்தன. மார்ச் 31 வரை பிடிக்கப்படும் எந்தச் சால்மனையும் உயிரோடு விட்டுவிட வேண்டும். அதன்பின்னும், மீன்வளம் குன்றியதாகத் தரம் பிரிக்கப்பட்ட ஆறுகளில் பருவம் முழுவதும் விடத்தான் வேண்டும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் குற்றம். ஆற்றங்கரை உரிமையாளரின் அனுமதியின்றித் தூண்டில் போடவே கூடாது.

இன்னொரு சட்டம் உங்களுக்கு வியப்பளிக்கும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது! இதன் வேர் பழமையானது. இடைக்காலத்திலேயே, ஆற்றுக்குக் குறுக்கே அமைத்த மீன்பொறிகளில் சனிக்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை காலை வரை ஓர் இடைவெளியைத் திறந்துவைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ‘சனிக்கிழமை இடைவெளி’ என்றே அதற்குப் பெயர். மனிதர் ஆராதனைக்குப் போகவேண்டும் என்பது ஒரு நோக்கம். மேல்நாட்டில் இருப்பவருக்கும் மீன் போய்ச்சேர வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் இளைப்பாறவிடச் சொன்ன யாத்திராகமத்தை வாசிக்கும்போதெல்லாம், அந்த இடைவெளி வழியாக அமைதியாக ஏறிப்போகும் மீன்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பியபின், தம்பியின் தகப்பனாரையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மீனின் உபவாசத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “செனைக்குப் போற மீனா? அப்ப விட்டுரத்தான் ஐயா வேணும்” என்றார் உடனே. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக்கிடக்க, கடன் வாங்கிச் சாப்பிட்டவர் அவர். சினை மீனின் மதிப்பை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சற்று நேரம் கழித்து, “ஆனா ஐயா, விடுறதுக்குன்னே எதுக்குப் புடிக்கணும்?” என்றார்.

அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. தேசங்களே இதில் ஒருமனப்படவில்லை. சுவிட்சர்லாந்தில் 2009 முதல், விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. அது மிருகவதை என்பது அவர்கள் நிலை. ஸ்காட்லாந்திலோ விடாமல் இருப்பதுதான் குற்றம். இரண்டு நிலைகளுக்குப் பின்னாலும் மனசாட்சி இருக்கிறது.

மூப்பரிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது: “போதகரே, இந்த ஆற்றில் கழிவு கலந்தால் முதலில் கூச்சலிடுவது யார்? தூண்டில்காரர்தான். காவலாளுக்குச் சம்பளம் கொடுப்பது, ஓடை அடைப்புகளை அகற்றுவது எல்லாம் தூண்டில் கட்டணத்தால் நடக்கிறது. நாங்கள் ஒருவரும் ஆற்றுக்கு வராவிட்டால் மீன் நிம்மதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது இல்லாமல் போகும் நாளில் யாருக்கும் தெரியவும் வராது.” இந்த வாதத்தில் வலு இருக்கிறது. முழு வலு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நேசிப்பதற்கு ஒருவனுக்குத் தூண்டில் தேவை என்பது நம் விழுந்துபோன சுபாவத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது அல்லவா?

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில், பலுகிப் பெருகும்படியான ஆசீர்வாதத்தைத் தேவன் முதன்முதலில் கூறியது மனிதனுக்கு அல்ல. ஐந்தாம் நாளில், நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும்தான். ஆளுகை நமக்கு வந்தது அதற்குப் பிறகே. முன்னரே ஆசீர்வாதம் பெற்ற ஒன்றின்மேல் நமக்கு ஆளுகை தரப்பட்டிருக்கிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரம், கூட்டில் குஞ்சுகளோடு தாய்ப்பறவையைக் கண்டால் தாயைப் போகவிடச் சொல்கிறது. குஞ்சை எடுக்க அனுமதி உண்டு; இனம் தொடரும் வழியை அடைக்க அனுமதி இல்லை. ஆகவே ‘மீன் பிடிப்பது பாவம்’ என்று நான் தம்பிக்கு எழுதவில்லை. நம் ஆண்டவரின் சீஷர்களில் பலர் மீனவர்கள்.

நான் எழுதியது வேறு. பிடித்ததை விட்டுவிடுகிறோம் என்பதால் எத்தனை பிடித்தாலும் கணக்கில்லை என்ற எண்ணம் அங்கே சிலரிடம் உண்டு. காலையில் ஒன்று, மதியம் இரண்டு, எல்லாவற்றையும் விட்டாயிற்று, ஆகவே கை சுத்தம் என்கிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. ஒவ்வொரு மீனும் செலவழித்தது செலவழித்ததுதான். சுவிசேஷங்களில் தூண்டில் வருவது ஒரே இடத்தில், மத்தேயு 17-இல். அங்கே பேதுருவுக்குச் சொல்லப்பட்டது, முதலில் அகப்படும் மீனை எடுக்கும்படிதான். அந்த வசனத்தைச் சட்டமாக்க நான் வரவில்லை. ஆனால் தம்பிக்குச் சொன்னேன்: “ஒரு மீன் அகப்பட்டால், அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். மற்ற நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள்.”

விடுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. மூப்பர் எனக்குக் காட்டித்தந்ததை அப்படியே எழுதினேன். தூண்டில் முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அப்போதுதான் எளிதாகக் கழன்று வரும். புழுவைக் கோர்க்க வேண்டாம், மீன் ஆழமாக விழுங்கிவிடும். உறுதியான நரம்பைப் பயன்படுத்தி, மீன் களைத்துத் துவளும்வரை இழுத்தடிக்காமல், விரைவாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். முடிச்சில்லாத வலைக்கூடையைத் தண்ணீருக்குள்ளேயே பிடிக்க வேண்டும். ஈரக்கையால் மட்டுமே தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்கிப் புகைப்படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். ஜனவரியின் உறைபனிக் காற்றில் செவுள்கள் நொடியில் கெட்டுப்போகும். தலையை நீரோட்டத்தின் எதிர்த்திசையில் வைத்துத் தாங்கிப்பிடித்தால், அது மூச்சு வாங்கி, தானாகவே கையைவிட்டுப் போகும். போகும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் நீர் சூடேறிய நாளில் தூண்டிலே போடக் கூடாது. அப்போது விட்டாலும் பிழைப்பது அரிது. வேறு நாட்டிலோ வேறு ஆற்றிலோ பயன்படுத்திய சாதனங்களைக் கிருமிநீக்கம் செய்து உலர்த்தியபின்பே கொண்டுபோக வேண்டும். ஒரு சிறு ஒட்டுண்ணி நோர்வேயின் பல ஆறுகளில் சால்மனை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டது.

பருவத் தொடக்கத்தில் இன்னொரு மீனும் அகப்படும். முந்தைய குளிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, மெலிந்து, துடுப்பு கிழிந்து, கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மீன். அதை எந்த நாளிலும் எந்த ஆற்றிலும் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. மூப்பர் அத்தகைய ஒன்றை விடுவித்தபோது தொப்பியைக் கழற்றியதை நான் பார்த்தேன்.

டே ஆற்றின் புகழ்பெற்ற மீனைப் பற்றித் தம்பி கேட்டிருந்தார். 1922 அக்டோபர் 7-ஆம் தேதி, கேபுத் என்ற ஊருக்கு அருகே, ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்மணி தம் தந்தையோடு படகிலிருந்து 64 பவுண்டு எடையுள்ள சால்மனைத் தூண்டிலில் பிடித்தார். பிரிட்டனில் அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அந்த மீன் பெர்த் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டு, அங்கிருந்தோர் உண்டார்கள். ஆறு நிறைந்திருந்த காலத்தின் நியாயம் அது. அதற்கு நான் குறை சொல்லமாட்டேன்.

தம்பி இந்த ஜனவரியில் ஆற்றுக்குப் போனார். முழங்காலளவு குளிர்நீரில் ஆறு மணி நேரம் நின்றாராம். ஒன்றும் அகப்படவில்லை. மேலோடைகளுக்கு நிழல் கிடைக்கும்படி கரைகளில் மரம் நடுகிறவர்களோடு மார்ச் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வேலைசெய்யப் பெயர் கொடுத்திருக்கிறார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவருடைய தகப்பனார், “என்ன மரம்பா?” என்று கேட்டாராம். வில்லோவும் ஆல்டரும் என்றிருக்கிறார் மகன். அவருக்கு இரண்டும் தெரியாத பெயர்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, அவை எப்படியிருக்கும் என்று படம் காட்டச் சொன்னார்.