சுமைதாங்கிக் கல்

பருத்தித்துறை தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. வீதிக்கு மேலே கூரை, இருபுறமும் கல்தூண்கள், திண்ணைகள். முன்னாளில் கால்நடையாக வந்தவர்கள் அங்கே இளைப்பாறினார்கள்.

இப்படியான மடங்களை அண்டிக் கேணியும், மாடுகள் உடல் உரஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும், சுமைதாங்கியும் அமைப்பது முன்னாளில் யாழ்ப்பாணத்து வழக்கமாக இருந்தது.

நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்காக ஒரு கல். அதுதான் சுமைதாங்கி. தனியே வருபவரும் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கி ஆறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை அமைத்தார்கள். அவள் இறக்கிவைக்க முடியாத சுமைக்காக, மற்றவர்கள் சுமை இறக்க ஓர் இடம்.

இடம்பெயர்ந்து திரும்பிய உங்கள் ஊரில் அப்படியொரு கல் மிஞ்சியிருக்கிறதா? அது யாருக்காக வைத்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.