ஸ்குரூவைத் திருகினால் குதிரை கூடுமா?

2001-ல் வந்த "தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்" படத்தில் அந்த ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா ஒரு ஃபெராரியை முந்திப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு அந்தக் காரின் மேல் ஆசையே வந்தது. 1993-லிருந்து 2002 வரை தயாரான ஏ80 மாடல் அது. அதன் 3 லிட்டர், 6 சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜினின் பெயர் 2ஜேஇசட்-ஜிடிஈ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் விற்ற சுப்ராவுக்கு 280 குதிரைத்திறன், அமெரிக்காவில் விற்றதற்கு 320. இன்ஜின் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே சில வித்தியாசங்கள். அதில் ஒன்று இன்ஜெக்டர். ஜப்பான் காரில் இருந்தது நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் தருவது. ஏற்றுமதி காரில் இருந்தது 550 சிசி.

இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு குட்டி வால்வு, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் (ஈசியூ) சொல்லும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கு (நான்கு ஸ்ட்ரோக்) கிடைக்கும் நேரம் வெறும் 20 மில்லி செகண்ட். அதில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்பது டியூனிங் ஆட்களின் வழக்கம்.

சரி, கணக்கு. டர்போ இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். ஆறு 440 சிசி இன்ஜெக்டர்கள் 80 சதவீதத்தில் ஏறக்குறைய 335 குதிரைக்குத் தாங்கும். 550 சிசி என்றால் 419. ஒருவர் டர்போவை மாற்றி, பூஸ்டை ஏற்றி, 500 குதிரை வேண்டும் என்கிறார். ஒவ்வொரு இன்ஜெக்டரும் 656 சிசி தந்தாக வேண்டும்.

ஆறு புது இன்ஜெக்டர் வாங்கினால் பர்ஸ் காலி. அப்போதுதான் யாராவது குறுக்கு வழி சொல்வார்கள்: "அட்ஜஸ்ட் பண்ற ரெகுலேட்டர் ஒண்ணு மாட்டி, ஸ்குரூவைத் திருகி பிரஷரை ஏத்து. அதே இன்ஜெக்டர் கூடுதலா ஊத்தும்!"

ஊத்தும்தான். ஆனால் எவ்வளவு? இங்கேதான் இயற்பியல் காலை வாருகிறது. பிரஷரை இரண்டு மடங்காக்கினால் பெட்ரோல் இரண்டு மடங்காகாது. அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும். 3 பாரை 3.5 ஆக்கினால் கூடுவது 8 சதவீதம். 4 ஆக்கினால் 15 சதவீதம். இரட்டிப்பாக வேண்டுமென்றால் 12 பார்! 440 சிசி என்பது 3 பாரில் அளந்தது என்று வைத்துக்கொண்டால், அதை 656 ஆக்க 6.7 பார் தேவை.

அதோடு முடியவில்லை. டர்போ 1 பார் பூஸ்ட் தரும்போது, அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயில் நின்று பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். அதனால் ரெகுலேட்டர் பூஸ்டுக்குச் சமமாக பிரஷரையும் ஏற்றிக்கொடுக்க வேண்டும். 6.7 என்பது 7.7 ஆகிவிடும். பெட்ரோல் பம்புக்கோ எதிரே பிரஷர் ஏற ஏற, தள்ளும் அளவு குறையும். அதிகமாகக் கேட்கும் நேரத்தில்தான் அது குறைவாகக் கொடுக்கும்!

அப்புறம் என்ன நடக்கும்? பூஸ்டில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 11.5 முதல் 12 பங்கு காற்று இருந்தால் இன்ஜின் பிழைக்கும். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும், நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். அது நடக்க நிறைய நேரம் வேண்டாம், சில நொடி போதும். கொடுமை என்னவென்றால், அந்த நொடிக்கு முன்புவரை கார் பிரமாதமாக இழுக்கும். ஓட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது. மிச்சம் பிடித்தது ஒரு செட் இன்ஜெக்டர் காசு, போனது முழு இன்ஜின்.

அதற்காகப் பெரிய இன்ஜெக்டரை வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதாது. அளவு மாறியது ஈசியூவுக்குத் தெரியாது. பழைய கணக்கிலேயே திறந்து வைத்து, ஐடிலில் பெட்ரோலை அள்ளி ஊற்றி, கறுப்புப் புகை விட வைக்கும். எலெக்ட்ரிக்கல் பக்கமும் பார்க்க வேண்டும். ஏற்றுமதி சுப்ராவின் 550 சிசி இன்ஜெக்டர் குறைந்த ஓம் ரகம். அதற்கு ரெசிஸ்டர் பேக் உண்டு. ஜப்பான் காரில் அது இல்லை. அப்படியே மாட்டினால் கூடுதல் கரன்ட் பாய்ந்து ஈசியூவுக்கே ஆபத்து.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் தேவையைக் கணக்குப் போடுவது. பிறகு அந்த பிரஷரிலும் போதுமான அளவு தள்ளும் பம்ப், அதற்கு வோல்டேஜ் குறையாத வயரிங். பிறகு சரியான அளவு இன்ஜெக்டர். பிறகு ஈசியூ டியூனிங், வைட்பேண்ட் சென்சர் வைத்துக் கலவையைப் பார்த்தபடி. பிரஷர் மீட்டரை கார் நிற்கும்போது பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. முழு பூஸ்டில், பூஸ்ட் ஏறிய அளவுக்கு அதுவும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்குரூ இருப்பது கொஞ்சம் சரி செய்யத்தான், இல்லாத பெட்ரோலை வரவழைக்க அல்ல. குதிரைகளைக் கூட்டுவதற்கு முன்னால், அத்தனைக்கும் தீனி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்!